சாவி இல்லாத கேபினட், கேபினட் தெரியாத சாவி: பழைய கணினிப் பூட்டுகளுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய கணினி ஒன்று கைமாறும்போது போர்டுகளும் கேபிள்களும்கூடப் பத்திரமாக வந்து சேர்ந்துவிடுகின்றன. சாவி மட்டும் பழைய இடத்தின் ஏதோ ஒரு மேசை இழுப்பறையில் தங்கிவிடுகிறது. பிறகு யாரோ பொறுமையிழந்து ஸ்க்ரூடிரைவரால் நெம்ப, பல பத்தாண்டுகள் தாங்கிய முகப்பில் ஆறாத வடு விழுகிறது. இந்தப் பூட்டுகளில் பெரும்பாலானவற்றை ஒரு கீறலும் இல்லாமல் திறக்க முடியும் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகே இந்த வழிமுறையை எழுதுகிறேன். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத சோதனை முதலிலும், பூட்டு வேலை தெரிந்தவரை அழைக்க வேண்டிய கட்டம் கடைசியிலும் வரும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் தொடங்கும் முன் இரண்டு காரியங்களைச் செய்துவிடுங்கள். முதலாவது, இயந்திரத்தின் மின் ப்ளக்கைச் சுவரிலிருந்தே உருவிவிடுங்கள். சாவியே மின்சார சுவிட்சாகவும் இருக்கும் இயந்திரங்கள் பல உண்டு, அவற்றில் சிலவற்றின் பூட்டுக்குப் பின்புறம் 230 வோல்ட் வரை வந்து நிற்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, பூட்டின் முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். எண்ணெய் விடுவதைப் பற்றி இந்தக் கட்டத்தில் நினைக்கவே வேண்டாம்.

## அறிகுறி 1: இயந்திரம் வந்துவிட்டது, சாவி வரவில்லை

முதலில் பூட்டின் வாயைப் பாருங்கள். அடுத்த எல்லா முடிவுகளும் அந்த வடிவத்தைப் பொறுத்தவை.

### வாய் வட்டமாக, நடுவில் ஒரு தண்டுடன் இருந்தால்

இது குழல் சாவிக்கான பூட்டு. சிகாகோ லாக் நிறுவனத்தின் ‘ஏஸ்’ வகை என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான். டார்ச் அடித்துப் பார்த்தால் நடுத்தண்டைச் சுற்றி வட்டமாகச் சிறு பின்கள் தெரியும், எண்ணிக்கொள்ளுங்கள். கணினிகளில் ஏழு பின்களே வழக்கம்.

இயந்திரம் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், அதாவது ‘டெக்’, தயாரித்ததாக இருந்தால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. 1970-இல் வந்த பி.டி.பி.-8/இ, அதே ஆண்டு தொடங்கிய பி.டி.பி.-11 வரிசை, 1977-இல் வந்த வேக்ஸ்-11/780 ஆகியவற்றின் முகப்புப் பூட்டுகளில் பெரும்பாலானவை எக்ஸ்.எக்ஸ்.2247 என்ற ஒரே எண் கொண்ட சாவியால் திறப்பவை. பழுது பார்க்கும் பொறியாளர் ஒருவர் ஒரே சாவியோடு பல அலுவலகங்களுக்குப் போய் வர முடிந்ததற்கு அதுவே காரணம். இந்த எண்ணுக்குப் புதிதாக வெட்டிய சாவிகள் பழைய கணினி ஆர்வலர்களிடையே இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. குழல் சாவி வெட்டும் இயந்திரம் வைத்திருப்பவரிடம் எண்ணைக் கொடுத்தும் வெட்டிக்கொள்ளலாம். ஆகவே டெக் இயந்திரத்தின் முகப்புப் பூட்டில் டிரில் வைப்பதற்கு நியாயமான காரணமே கிடையாது.

ஐ.பி.எம். 1984-இல் வெளியிட்ட பி.சி./ஏ.டி.-யில் இந்தச் சலுகை இல்லை. அங்கும் குழல் பூட்டுதான், ஆனால் ஒரு பெட்டியின் சாவி இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று நம்பிவிட முடியாது. பெட்டி பூட்டிய நிலையில் இருந்தால் மேல்மூடியும் நகராது, ஏனெனில் விசைப்பலகையைத் தடுக்கும் அதே பூட்டு மூடியையும் பிடித்துக்கொள்கிறது. பூட்டாத நிலையில் வந்திருந்தால், சாவி வரும் வரை யாரும் அதைத் தெரியாமல்கூடப் பூட்டிவிடாதபடி பூட்டின் மேல் காகிதத் துண்டில் எழுதித் தொங்கவிடுங்கள். 1990-களில் சென்னை ரிச்சி தெருவில் உதிரிகளாக வாங்கிச் சேர்த்த ஏ.டி. ரகப் பெட்டிகளுக்கு நிலைமை இதைவிடச் சுலபம். ஒரே தயாரிப்பில் வந்த பெட்டிகளுக்கு ஒரே சாவி இருப்பது அங்கே சாதாரணம். அதே தோற்றமுள்ள இன்னொரு பெட்டி வைத்திருப்பவரைக் கண்டுபிடித்துச் சாவியைக் கேட்டுப் பாருங்கள்.

### வாய் தட்டையாக இருந்தால்

பூட்டின் முகத்தில் எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எண், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து தெரியும். எண் கிடைத்தால் அதைக் கொண்டே சாவி வெட்டலாம். ரேக் கேபினட்டில் ‘3524 இ’ என்ற எண் இருந்தால் அது ரிட்டல் நிறுவனக் கைப்பிடிகளின் பொதுச் சாவி. ‘333’ என்ற எண்ணும் ரேக் கைப்பிடிகளில் அடிக்கடி கண்ணில் படும். இரண்டும் தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கும்.

எண் இல்லையென்றால், உள்ளே போக வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள். 19 அங்குல ரேக்குகள் பலவற்றில் பக்கப் பலகைகள் கொக்கிகளில் மாட்டியவையே. பின்கதவு திறந்திருந்தால் அதன் வழியாகவே அவற்றை விடுவித்துத் தூக்கி எடுத்துவிடலாம். உள்ளே கை போய்விட்டால் முன்கதவுப் பூட்டைப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் பெரிய நட்டை ஸ்பேனரால் தளர்த்தி, பூட்டை முழுதாகக் கழற்றிச் சாவி செய்பவரின் கடைக்கே எடுத்துப் போகலாம். பூட்டு கைக்கு வந்துவிட்டால் சாவி செய்வது அவருக்குச் சிறு வேலை. கேபினட்டோடு சேர்த்து அவரை வீட்டுக்கு அழைத்தால் அதுவே பெரிய வேலையாகிவிடும்.

### சாவித்துளை இல்லாமல் கோணக் குழி மட்டும் இருந்தால்

டெக் நிறுவனத்தின் பிற்காலக் கேபினட் கதவுகளில் 5/32 அங்குல ஆலன் கீ (அறுகோணத் தண்டுள்ள சாவி) போட்டுக் கால் சுற்று திருப்பும் பிடிகள் உண்டு. அந்த அளவு ஏறத்தாழ 3.97 மில்லிமீட்டர் என்பதால் நம்மிடம் இருக்கும் 4 மி.மீ. ஆலன் கீ பெரும்பாலும் இறுக்கமாகப் பொருந்தும். நுழைய மறுத்தால் சுத்தியால் தட்டி ஏற்றாமல் அங்குல அளவு செட் ஒன்றை வாங்குங்கள். 3.5 மி.மீ. கீயைப் போட்டுத் திருப்பினால் குழியின் மூலைகள் மழுங்கி, பிறகு சரியான கீயும் வழுக்கும். முக்கோணம், சதுரம் ஆகிய குழிகளுக்கு மின்சாரப் பலகைகளுக்கான பொதுச் சாவியே போதும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்.

### எப்போது ஆளை அழைப்பது

பூட்டிய நிலை, எண் இல்லை, வேறு வழியும் இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால் அழைத்துவிடுங்கள். தொலைபேசியில் பேசும்போதே, குழல் பூட்டை உடைக்காமல் திறக்கும் ஏழு பின் கருவி அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். “டிரில் போட்டுடலாம் சார், ரெண்டு நிமிஷ வேலை” என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரைத் தேடுங்கள். இயந்திரம் உங்களுடையது என்பதற்கான ரசீதையோ கடிதத்தையோ கையில் வைத்திருங்கள். நல்ல பூட்டு வேலைக்காரர் அதைக் கேட்பார், கேட்பதும் நியாயமே.

## அறிகுறி 2: டப்பா நிறையச் சாவிகள், எது எதற்கென்று தெரியவில்லை

எல்லாச் சாவிகளையும் எல்லாப் பூட்டுகளிலும் போட்டுப் பார்ப்பதே முதலில் தோன்றும் வழி; தவிர்க்க வேண்டிய வழியும் அதுவே. தேய்ந்த தட்டைப் பூட்டு தனக்கு உரியதல்லாத சாவிக்கும் திரும்பிவிடும் என்பதால், ‘திரும்பியது’ என்பதை வைத்து இந்தச் சாவி இந்தக் கேபினட்டுக்குரியது என்று பதிவு செய்துவிட முடியாது. போதாததற்கு, பொருந்தாத சாவியை அழுத்தி அழுத்தியே பின்களின் ஸ்பிரிங்குகள் கெடுகின்றன.

முதலில் வடிவத்தால் பிரியுங்கள். குழல் சாவிகள், தட்டைச் சாவிகள், மற்றவை என மூன்று குவியல்கள் போதும். பிறகு எண்கள். தலைப்பகுதியின் இரு பக்கங்களையும் தண்டையும் பாருங்கள். அழுக்கு அடைத்திருந்தால் மென்மையான பல் துலக்கும் பிரஷில் சிறிது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் எழுத்து வெளிவரும். பிராசோ போன்ற பாலிஷ் எதையும் போடாதீர்கள். ஆழமில்லாமல் பொறித்த எண்கள் அதில் கரைந்தே போய்விடும்.

எண் இல்லாத குழல் சாவிக்கு அளவெடுத்தல்தான் வழி, இதில் அவசரம் கூடாது. சாவியின் வாயை உங்களை நோக்கிப் பிடித்து, வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் மூக்கு மேலே இருக்குமாறு வையுங்கள். விளிம்பில் அரைவட்டப் பள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வட்டமிடுவது தெரியும். டிஜிட்டல் வெர்னியர் எனும் அளவுக் கருவியின் ஆழக் கம்பியை ஒவ்வொரு பள்ளத்திலும் வைத்து, மூக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் வரிசையாக அளந்து எழுதுங்கள். ஏழு பின் ஏஸ் வகையில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஏறத்தாழ 0.4 மி.மீ. வேறுபாடு, மொத்தம் எட்டுப் படிகள். ஆகவே உங்கள் அளவுகள் அந்த இடைவெளியில் தாமாகவே குழு குழுவாகச் சேரும். சேராமல் நடுநடுவே விழுந்தால் சாவி தேய்ந்திருக்கிறது, அல்லது ஏற்கெனவே யாரோ நகலிலிருந்து எடுத்த நகல் அது.

ஒவ்வொரு பள்ளமும் எத்தனையாவது படி என்று எழுதினால் ஏழு இலக்கம் கிடைக்கும். அதற்கு அருகிலேயே ‘வாயை நோக்கிப் பார்த்தது, மூக்கிலிருந்து கடிகாரச் சுற்று’ என்று எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் கைமாறும் இலக்கங்களால் கண்ணாடிப் பிம்பமாக வெட்டப்பட்ட சாவிகள் உருவாகின்றன. எண் சரி, சாவி தவறு என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேர்கிறது. மூக்கு ஒரு பள்ளத்துக்கு நேராக இருக்கிறதா, அல்லது இடமோ வலமோ தள்ளி இருக்கிறதா என்பதையும், வெளி விட்டத்தையும் குறியுங்கள். வழக்கமான ஏஸ் சாவியின் வெளி விட்டம் ஏறத்தாழ 9.5 மி.மீ.; தெளிவாகச் சிறியதாக இருந்தால் பிற்காலச் சிறு பூட்டுகளுக்கானது.

குழல் சாவிகள் விற்பனை இயந்திரங்களிலும் திருட்டு எச்சரிக்கைப் பெட்டிகளிலும் உண்டு. டப்பாவில் எந்தக் கணினிக்கும் பொருந்தாத சில சாவிகள் மிஞ்சினால் அவற்றைத் தூக்கி எறியாமல் ‘அடையாளம் தெரியாதவை’ என்று தனியே வைத்து, அவை எந்த இடத்திலிருந்து வந்தன என்பதை மட்டும் எழுதுங்கள். பிறகு வரும் கேபினட் ஒன்று அவற்றில் ஒன்றுக்குச் சொந்தக்காரனாக இருக்கலாம்.

## அறிகுறி 3: சாவி சரியானதுதான், ஆனால் நுழையவில்லை

குழல் பூட்டில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு வெட்டுகளின் நேர். வெளிக்கூட்டின் விளிம்பில் சாவியின் மூக்குக்கான வெட்டு ஒன்று, நடுத்தண்டில் இன்னொன்று. இரண்டும் ஒரே நேரில் இல்லையென்றால் யாரோ கருவி போட்டுத் திருப்ப முயன்று பாதியில் விட்டிருக்கிறார்கள். அந்த நிலையில் பின்கள் தங்களுடையதல்லாத துளைகளில் விழுந்து சிக்கியிருக்கும். சரியான சாவியும் உள்ளே போகாது. இதைச் சரி செய்ய மீண்டும் கருவி போட்டு, தண்டை அதன் இடத்துக்குக் கொண்டு வர வேண்டும். இங்கேயே நிறுத்தி ஆளை அழையுங்கள்.

வெட்டுகள் நேராக இருந்தால் பின்களின் மட்டத்தைப் பாருங்கள். பூட்டிய நிலையில் எல்லாப் பின்களும் முகத்தோடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் உள்வாங்கி இருந்தால் அதன் ஸ்பிரிங் செத்துவிட்டது, அல்லது பழைய எண்ணெய்ப் பிசுக்கில் பின் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் முகத்தைத் துடைத்து, மழுங்கிய மரக்குச்சியின் முனையால் அந்தப் பின்னை மெதுவாக அழுத்தி விடுங்கள். ஓரிரு முறையில் அது குதித்து வெளியே வந்தால் பிசுக்குதான் காரணம். வரவே இல்லையென்றால் ஸ்பிரிங் வேலை. பூட்டைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

சாவியின் வாயையும் ஒருமுறை பாருங்கள். மேசையிலிருந்து கீழே விழுந்த குழல் சாவியின் விளிம்பு நசுங்கி வட்டம் கோணலாகியிருக்கும், கண்ணுக்கே தெரியும். அதை இடுக்கியால் நிமிர்த்தப் போனால் மெல்லிய சுவர் பிளந்துவிடும். அளவெடுத்துப் புதிதாக வெட்டிக்கொள்வதே நல்லது.

## அறிகுறி 4: சாவி நுழைகிறது, திரும்பவில்லை

கதவை ஒரு கையால் உள்நோக்கி அழுத்திக்கொண்டு மறு கையால் திருப்புங்கள். கீல் தொய்ந்த கதவுகளில் பூட்டின் நாக்கு சட்டத்தில் மாட்டி இறுகியிருக்கும். அழுத்தம் விலகியதும் சாவி தானாகத் திரும்பும். இதைச் செய்யாமலே பூட்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியவர்கள் பலர்.

அது பலிக்கவில்லையென்றால் அழுக்கு. வீட்டுப் பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்ட பழக்கத்தில் இந்தப் பூட்டுகளுக்கும் விட்டவர்கள் உண்டு. அது சில ஆண்டுகளில் மஞ்சள் அரக்காக இறுகிப் பின்களைக் கட்டிவிடுகிறது. ஆல்கஹாலை மெல்லிய ஊசி வழியாகச் சில சொட்டு விட்டு, சாவியை உள்ளே வெளியே எடுத்து, ஒவ்வொரு முறையும் வெளியே வரும் கசடைத் துணியில் துடையுங்கள். துணி சுத்தமாக வரும் வரை தொடருங்கள். சுற்றியுள்ள பெயின்ட்டிலும் எழுத்துகளிலும் ஆல்கஹால் படாமல் முன்னதாகவே பேப்பர் டேப் ஒட்டிக்கொள்வது கட்டாயம். முகப்பில் அச்சிட்ட எழுத்துகள் ஒரு துளியில் வழிந்துவிடக்கூடும்.

உலர்ந்த பிறகு மசகு. கதவுப் பூட்டுக்குக் கிராஃபைட் பொடி நல்லதுதான். ஆனால் பூட்டின் முதுகில் மின் சுவிட்ச் இருந்தால் கிராஃபைட்டைத் தொடாதீர்கள். அது மின்சாரத்தைக் கடத்தும் பொருள், பொடி உதிர்ந்து தொடுமுனைகளுக்கு இடையே படிந்தால் புதிய பிழைக்கு நீங்களே வழி செய்ததாகிவிடும். அங்கே உலர் டெஃப்லான் ஸ்ப்ரேயைச் சாவியின் மேல் மட்டும் அடித்து, உலர விட்டு, பிறகு சாவியைப் போட்டு எடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் திரும்பவில்லை, ஆனால் அதே எண்ணுள்ள இன்னொரு சாவிக்குத் திரும்புகிறது என்றால் உங்கள் சாவி தேய்ந்திருக்கிறது. எந்தச் சாவிக்கும் திரும்பவில்லை என்றால் பூட்டைக் கழற்றிப் பிரிப்பவரிடம் கொடுங்கள். பிளையர் போட்டுத் திருப்பும் எண்ணம் வந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.

## அறிகுறி 5: சாவி திரும்புகிறது, ஆனால் எதுவும் நடக்கவில்லை

### கதவு திறக்கவில்லை

பூட்டு முழுவதுமே சாவியோடு சேர்ந்து சுழல்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் பின்னால் உள்ள நட் தளர்ந்துவிட்டது. பூட்டின் முகம் அசையாமல் சாவி மட்டும் சுழன்றால் நாக்கைப் பிடிக்கும் திருகு கழன்றிருக்கிறது. இரண்டுக்கும் உள்ளே கை போக வேண்டும். பின்கதவு, பக்கப் பலகை என்று முதல் அறிகுறியில் சொன்ன வழிகளையே முயலுங்கள்.

### இயந்திரம் உயிர் பெறவில்லை

ரேக்கில் உள்ள டெக் இயந்திரங்களில் சாவி பெரும்பாலும் மின்சாரத்தை நேராகத் திறப்பதில்லை. கேபினட்டின் அடியில் உள்ள மின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சைகை மட்டும் அனுப்புகிறது. 861 என்ற எண்ணுள்ள பெட்டி இருந்தால் அதன் முகத்தில் உள்ள மூன்று நிலை சுவிட்சைப் பாருங்கள். அது ‘ரிமோட்’ நிலையில் இருந்தால் மட்டுமே சாவியின் பேச்சு எடுபடும். நடுவில் ‘ஆஃப்’ நிலையில் விட்டுவிட்டு முகப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. சுவிட்ச் சரியாக இருந்தால் இரண்டுக்கும் இடையே ஓடும் மூன்று கம்பிக் கேபிளின் பிளாஸ்டிக் கனெக்டர்களைப் பாருங்கள். கேபினட்டை நகர்த்தும்போது அவை அரைகுறையாக விலகிவிடும். பிறகு, மின் ப்ளக் உருவிய நிலையிலேயே, சாவியைத் திருப்பியபோது ஒன்றாம் கம்பியும் மூன்றாவதான தரைக் கம்பியும் இணைகின்றனவா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். இணையவில்லையென்றால் சாவி சுவிட்சின் தொடுமுனைகள் கறுத்திருக்கின்றன. கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும்.

பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த இயந்திரத்தின் பவர் சப்ளையைப் பரிசோதிக்காமல், சாவி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் மின்சாரம் கொடுக்காதீர்கள். பழைய கெபாசிட்டர்கள் அதைப் பொறுத்துக்கொள்ளாது. மின்சாரம் கொடுத்துச் சோதிக்க வேண்டிய கட்டம் வந்தால் பவர் சப்ளை வேலை தெரிந்தவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

### இயந்திரம் ஓடுகிறது, முகப்பு சுவிட்சுகள் மட்டும் கேட்கவில்லை

பழுது ஒன்றும் இல்லை. சாவி ‘லாக்’ நிலையில் இருக்கிறது. பி.டி.பி.-11 முகப்புகளில் ‘ஆஃப்’, ‘பவர்’, ‘லாக்’ என்ற மூன்று நிலைகள். கடைசி நிலையில் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், நிறுத்தும் தொடங்கும் சுவிட்சுகள் மட்டும் செயலிழக்கும். வேக்ஸ்-11/780-இல் ஐந்து நிலைகள். ‘லோக்கல் டிஸேபிள்’ நிலையில் கன்ட்ரோல்-பி அழுத்தினால் கன்சோல் (இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் முனையம்) மசியாது. சாவியை ‘லோக்கல்’ நிலைக்குத் திருப்பிய பின் முயலுங்கள்.

## அறிகுறி 6: ஏ.டி. வகைக் கணினி ‘302’ காட்டுகிறது, அல்லது கீபோர்டு பூட்டியிருப்பதாகச் சொல்கிறது

ஐ.பி.எம். ஏ.டி.-யில் 302 என்பது பெட்டியின் சாவிப்பூட்டு பூட்டிய நிலையில் இருப்பதைச் சொல்லும் எண். சாவி இருந்தால் திறந்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். சாவி இல்லை, மூடி மட்டும் கழற்ற முடிகிறது என்ற நிலையில், மதர்போர்டில் பூட்டுக்கான ஐந்து பின் இணைப்பைத் தேடுங்கள். ஒன்றாம் பின் பவர் விளக்குக்கு, இரண்டாவது காலி, மூன்றாவது தரை, நான்காவது கீபோர்டைத் தடுப்பது, ஐந்தாவது மறுபடி தரை. பூட்டினால் நான்கும் ஐந்தும் இணைகின்றன. ஆகவே கணினியை அணைத்து அந்த ப்ளக்கை உருவிவிட்டாலே கீபோர்டு திறந்துவிடும். பூட்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

உருவிய பிறகும் அதே செய்தி வந்தால் பிழை போர்டில் இருக்கிறது. பல நிறுவனங்கள் செய்த 286, 386 போர்டுகளில் பீப்பாய் வடிவ 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்று கீபோர்டு இணைப்புக்கு அருகிலேயே பற்ற வைத்திருக்கும். அது கசிந்து, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, அந்த ஓரத்துச் செப்புக் கோடுகளை அரித்துவிடுவதை அடிக்கடி காணலாம். முதலில் பேட்டரியை வெட்டி எடுங்கள். வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஆல்கஹாலால் கழுவி, நான்காம் பின்னிலிருந்து கீபோர்டு கன்ட்ரோலர் சிப்பு வரை கோடு அறுந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். கோடு அறுந்திருந்தால் மெல்லிய கம்பியால் இணைக்கலாம். சிப்பே போயிருந்தால் போர்டு பழுது பார்ப்பவரிடம் போக வேண்டும்.

இதன் எதிர் அறிகுறியும் உண்டு. சாவியை எப்படித் திருப்பினாலும் கீபோர்டு பூட்டவில்லை, பவர் விளக்கும் எரியவில்லை என்றால் அந்த ஐந்து பின் ப்ளக்கை யாரோ தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள்.

## அறிகுறி 7: சாவி வெளியே வரவில்லை, அல்லது உள்ளேயே ஒடிந்துவிட்டது

குழல் சாவி அதன் மூக்கு கூட்டின் வெட்டுக்கு நேராக வந்தால் மட்டுமே வெளிவரும். சில சாவி சுவிட்சுகள் எல்லா நிலைகளிலும் சாவியை விடுவதில்லை. ஒவ்வொரு நிலையிலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நிலைக்கு அரை மி.மீ. முன்னும் பின்னும் அசைத்தபடி இழுப்பதும் உதவும்.

தட்டைச் சாவி ஒடிந்திருந்தால் முதலில் பூட்டின் வாயைச் செங்குத்து நிலைக்கு, அதாவது சாவி நுழையும் நிலைக்குக் கொண்டு வர வேண்டும். பிறகு மெல்லிய ரம்ப இழையைப் பற்கள் வெளிநோக்கி இருக்குமாறு சாவியின் ஓரமாக விட்டு, பற்களில் மாட்டியதும் இழுங்கள். பசை தடவிய குச்சியை உள்ளே விடும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பசை பின்களுக்குப் போனால் பூட்டும் போய்விடும். ஒடிந்த இரண்டு துண்டுகளையும் பத்திரப்படுத்துங்கள், சேர்த்து வைத்து அளவெடுக்க அவையே ஆதாரம்.

## அறிகுறி 8: நகல் எடுத்த சாவி வேலை செய்யவில்லை

சாவியைப் பார்த்துச் சாவி வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகிறது. அந்த நகலிலிருந்து அடுத்த நகல் எடுத்தால் பிழை கூடிக்கொண்டே போகும். எனவே பள்ளங்களை அளந்து, ஒவ்வோர் அளவையும் அருகிலுள்ள முழுப் படிக்குக் கொண்டு வந்து, அந்த எண்களைக் கொண்டே வெட்டச் சொல்லுங்கள். அப்போது கிடைப்பது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் சாவி. வெட்டுபவர் எண்ணைக் கண்டு தயங்கி, “சாவியைக் கொடுங்க, அப்படியே போட்டுத் தரேன்” என்று சொன்னால், எண்ணுக்கு வெட்டத் தெரிந்த வேறு ஒருவரைத் தேடிப் போவது வீண் அலைச்சல் ஆகாது.

எண்ணும் சரியாக இருந்து வேலை செய்யவில்லையென்றால் மூன்றைச் சரிபாருங்கள்: இலக்கங்களைப் படித்த திசை, மூக்கின் இட வல விலகல், வெட்டிய இடத்தில் நிற்கும் பிசிறு. பிசிறை மட்டும் மிக மெல்லிய அரத்தால் தொட்டு எடுக்கலாம். பள்ளத்தின் அடியில் அரம் படக்கூடாது.

## அறிகுறி 9: வைத்திருந்த சாவி கறுக்கிறது, பச்சை பூக்கிறது, ஒட்டுகிறது

பெரும்பாலும் குற்றவாளி உறையே. பி.வி.சி. உறைகள் நாள்பட ஒட்டும் திரவத்தை விடுகின்றன. ரப்பர் பேண்டில் உள்ள கந்தகம் உலோகத்தைக் கறுக்க வைத்து, ரப்பரும் உருகிச் சாவியோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டையும் உடனே எடுத்துவிடுங்கள். ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலர்த்தி, சாவி ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாலிதீன் உறையில் போட்டு, எல்லா உறைகளையும் மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கடலோர ஊர்களில் அந்த ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்துவதும் அவசியம். முலாம் உரிந்து பித்தளை தெரிந்தால் கவலை வேண்டாம். பள்ளங்களின் ஓரத்தில் குழி குழியாக அரிப்பு விழுந்திருந்தால் அந்தச் சாவியை இனிப் பூட்டில் போடாமல், அளவெடுத்துப் புதியதை வெட்டிக்கொள்ளுங்கள்.

அடையாளச் சீட்டுக்குப் பருத்தி நூல், தடித்த காகித அட்டை, பென்சில் ஆகிய மூன்றும் போதும். பால்பாயின்ட் மை வெளிறிவிடும், செல்லோ டேப் கறையை விட்டுச் செல்லும். சீட்டில் ஒரு வரிசை எண் மட்டும் இருக்கட்டும். இயந்திரத்தின் பெயர், அதன் தொடர் எண், எந்தக் கதவு அல்லது எந்த முகப்பு, சாவி எண், ஏழு இலக்கம், படித்த திசை, சாவி எங்கிருந்து வந்தது, எந்தப் பூட்டில் எப்போது சோதித்தது ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். சீட்டோடு சாவி தொலைந்தாலும் எடுத்தவருக்கு எந்தக் கதவு என்று தெரியாது. உங்களுக்கோ நோட்டைப் பார்த்து மறுநாளே வேறு சாவி வெட்டிக்கொள்ள முடியும். அளவுகோலை அருகில் வைத்து எடுத்த படம் ஒன்றையும் நோட்டில் ஒட்டலாம். ஆனால் இன்றும் எதையாவது காக்கும் பூட்டின் சாவி என்றால் பள்ளங்கள் தெரியும் படத்தை வெளியே பகிராதீர்கள். அந்தப் படத்தை வைத்தே சாவி வெட்டிவிட முடியும்.

அன்றாடப் பயன்பாட்டுக்கு எண்ணிலிருந்து வெட்டிய நகலை வைத்துக்கொண்டு, இயந்திரத்தோடு வந்த மூலச் சாவியை டப்பாவிலேயே விடுங்கள். இரண்டாவது நகல் ஒன்று வேறு கட்டடத்தில், நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். நோட்டின் பிரதியும் அவரிடமே இருப்பது நல்லது. சாவிகளின் டப்பாவை அந்தக் கேபினட்டுக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிடுவது அபூர்வமாக நடக்கும் காரியமல்ல என்பதால், டப்பாவுக்கென்று அறையில் வேறு ஓர் இடத்தை ஒதுக்கி, அந்த இடத்தையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.